இடப்பக்க நாற்காலி

அத்தியாயம் பதினொன்று

அந்த வீட்டில் அம்மாவின் இடப்பக்கம் யாரும் உட்காருவதில்லை.

இப்படியொரு விதியை யாரும் இயற்றவில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவுமில்லை. சொல்லப்பட்ட விதி என்றால் அதை எதிர்த்துச் சண்டை போடலாம், விலக்குக் கேட்கலாம், மறந்துவிட்டேன் என்று ஒருநாள் தப்பிக்கவும் செய்யலாம். சொல்லப்படாத விதியிடம் அந்த வசதிகள் எதுவும் இல்லை. அது உடம்பில் குடியேறிவிடுகிறது. கை எந்த நாற்காலியை இழுக்க வேண்டும், கண் எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது அம்மாவின் உதட்டோரத்திலிருந்து தண்ணீர் ஒருபக்கமாக ஒழுகியது. முகவாதம் என்றார் மருத்துவர். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். அம்மா அந்தப் பெரும்பாலானவர்களில் சேரவில்லை. முகத்தின் வலப்பாதி பழையபடி சிரித்தது, முறைத்தது, புருவத்தைத் தூக்கியது. இடப்பாதி எதிலும் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நின்றது.

அதன் பிறகு வீடு மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு இடப்புறம் இருந்த நாற்காலியில், காலணிக்கு வெட்டும் ஃபோம் ஷீட்டுகள் ஏறிக்கொண்டன. கூடத்து நிலைக்கண்ணாடியை, சட்டம் ஆடுகிறதென்று சொல்லிப் பிள்ளைகளில் சின்னவன் கழற்றிக்கொண்டு போனான். அது திரும்பி வரவில்லை. எப்போது வரும் என்று யாரும் கேட்கவுமில்லை. வீட்டுக்குள் யாராவது போனைப் படம் எடுக்கிற மாதிரி உயர்த்தினால் அம்மா எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். ஆகவே யாரும் உயர்த்துவதில்லை.

வீட்டின் முன்பாதிதான் பட்டறை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையானவர்கள், பாதம் உள்ளே மடங்கியவர்கள், விபத்துக்குப் பின் நடை மாறியவர்கள் ஆகியோர் வந்து அளவு கொடுத்துக் காலணி செய்துகொள்ளும் இடம். அப்பா போன பிறகு அம்மா ஒற்றை ஆளாக எடுத்து நிறுத்தியது. பல ஆண்டுகள் முன்ரூமில் அமர்ந்து அளவெடுத்தவள் அவள்தான். இப்போது பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் சோல் ஒட்டுகிறாள். முன்ரூமில் பெரியவள் உட்காருகிறாள். "அம்மா இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு, "வெளிய போயிருக்காங்க" என்பது பதில்.

சென்ற வாரம் வந்த மின்னஞ்சலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுவாழ்வு மருத்துவமனை ஒன்று தன் நோயாளிகள் அனைவருக்கும் காலணி செய்ய ஒரு பட்டறையைத் தேர்ந்தெடுக்கப் போகிறது. போட்டியில் இருப்பவர்கள் இரண்டு நிமிட வீடியோ அனுப்ப வேண்டும். அளவெடுப்பவர் தாமே முகம் காட்டிப் பேச வேண்டும். கடைசி நாள் இன்று.

"பெரியவ பேசட்டும்" என்று அம்மா அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தீர்ப்பின் கூடவே இன்னொன்றும் சொன்னாள். "இது வரலைன்னா முன்ரூமை மூடிடலாம். பெரிய கம்பெனிக்காரன் கேட்டுட்டுத்தான் இருக்கான், வெறும் சோல் ஒட்டிக் கொடுத்தாப் போதும்னு. யாரும் வீட்டுக்குள்ள வந்து போக வேணாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பெரியவள் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லாமல் புரண்டுகொண்டிருந்தாள். முன்ரூம் போனால் அளவெடுக்கும் வேலை போய்விடும். அவளுக்குத் தெரிந்த வேலை, பிடித்த வேலை அது ஒன்றே. ஆனால் அதைவிட அவளை உறுத்தியது வேறு. 'யாரும் வர வேணாம்' என்று சொன்னபோது அம்மாவின் குரலில் வருத்தம் இல்லை. ஓர் ஆசுவாசம் இருந்தது.

*

காலையில் சின்னவன் முன்ரூமுக்குள் நுழைந்தபோது அவன் அக்கா தரையில் மண்டியிட்டிருந்தாள். எதிரே, கால் பார்ப்பதற்கென்று தரையோடு சாய்த்து வைத்திருந்த குட்டைக் கண்ணாடி.

"வணக்கம். ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு கதை. அந்தக் கதையை நாங்கள்..." கண்ணாடியில் அவனுடைய கால்களைக் கண்டு நிறுத்தினாள். "டேய், இந்தக் கதை கத்தரிக்காயெல்லாம் எவன்டா எழுதினது?"

"நான்தான். நெட்ல பாத்து எழுதினேன். நல்லாத்தான இருக்கு?"

"உனக்கு என்ன, எழுதிட்டுப் போயிட்ட. வாய்ல வெச்சுப் பாத்தாத்தான் தெரியுது."

"சரி, அது இருக்கட்டும். காலைல கண்ணாடி கால்ல விழுந்து கிடக்கறியே, என்ன வேண்டுதல்?"

"வேற எங்கடா போய்ப் பேசறது? நீ ஷேவ் பண்ற கண்ணாடில மூக்கு தெரிஞ்சா வாய் தெரியல."

இதற்குப் பதில் ஒன்று இருந்தது. கூடத்துச் சுவரில் இன்னும் அழியாமலிருந்த நீள்சதுரத் தடத்தில் அது இருந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை. சின்னவன் பேச்சை மாற்றினான்.

"கேமராக்காரப் பொண்ணு வந்துட்டிருக்கா. முதுக நிமித்தி உக்காரு. பயந்த மாதிரி தெரியக் கூடாது."

"உத்தரவு, மேனேஜர் சார்."

அவனுக்கு அந்தப் பட்டம் அவள் கொடுத்தது. விற்பனை வேலையை விட்டுவிட்டுப் பட்டறையின் கணக்கையும் ஆர்டரையும் பார்க்க வந்த நாளிலிருந்து, அவன் ஏதாவது ஒன்றைத் தீர்மானமாகச் சொல்லும்போதெல்லாம் இந்தப் பட்டம் வந்து விழும்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து அம்மாவின் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சீரான சத்தம். இந்த நாளோடு தனக்குச் சம்பந்தமே இல்லை என்பது போன்ற சத்தம்.

*

கேமராக்காரப் பெண் இரண்டு பைகளும் ஒரு குடையுமாக வந்தாள். குடை மழைக்கானதல்ல, வெளிச்சத்தை மெதுவாக்குவதற்கானது. ஜிம், நகைக்கடை, பல் மருத்துவமனை என்று பலவற்றுக்கும் வீடியோ எடுத்தவள்.

"பல் டாக்டரையே சிரிக்க வெச்சிருக்கேன் அக்கா. நீங்க கவலையே படாதீங்க" என்றபடி பெரியவளின் காலரில் ஒரு சின்ன மைக்கைக் குத்தினாள். "தோள இறக்குங்க. இன்னும். மூச்ச முழுசா விட்டுட்டு அப்புறம் ஆரம்பிங்க. மனப்பாடம் பண்ணினத ஒப்பிக்காதீங்க. லென்ஸ ஒரு ஆளா நினைச்சுக்கோங்க. உங்ககிட்ட அளவு கொடுக்க வந்த ஆள். அவ்வளவுதான்."

அளவு கொடுக்க நிஜமாகவே ஓர் ஆளும் வந்திருந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர், இடக்கால் குட்டை. பழைய வாடிக்கையாளர். வீடியோவில் அவர் காலைத்தான் காட்டப் போகிறார்கள் என்பதால் அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

"மூஞ்சி வராதுல்ல?" என்று கேட்டார்.

"வராதுண்ணே."

"அடடா, ஷேவ் பண்ணிட்டு வந்தேனே."

கேமரா ஓடத் தொடங்கியது. பெரியவள் மூச்சை விட்டாள். "வணக்கம்" என்றாள். கண்கள் தரைக்குப் போயின.

"கட். அக்கா, கீழ எதாச்சும் விழுந்துருச்சா?"

மறுபடி. "வணக்கம். ஒவ்வொரு நடையும்..." மறுபடி தரை.

அவளுக்கே புரிந்தது. ஒரு வாரமாக முழங்காலில் நின்று, தரையோடு கிடந்த கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பேசி, சொற்களும் தரையும் ஒட்டிக்கொண்டுவிட்டன. முதல் சொல் வந்ததும் கண் தன்னால் கீழே இறங்குகிறது. காலணிப் பட்டறையைத் தவிர வேறெங்கும் ஒருவர் இப்படியொரு தவறைப் பழகிக்கொள்ள முடியாது.

"அந்தக் கண்ணாடிய மூடிடுங்க" என்றாள்.

சின்னவன் கண்ணாடி மேல் துணியைப் போட்டான். மறுபடி தொடங்கினார்கள். இப்போது கண் தரைக்குப் போகவில்லை. லென்சை நோக்கித்தான் வந்தது. ஆனால் வந்து சேரவில்லை. லென்சுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றுவிட்டது.

"அக்கா, என்னைப் பாருங்க."

"பாக்கறேனே."

"என் காதைப் பாக்கறீங்க."

வேன்காரர் காலைத் துணியில் ஊன்றியபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். சிறிது நேரம் கழித்து, "கால் மரத்துப் போச்சும்மா. ஏற்கனவே குட்டைக் கால்" என்றார்.

"கொஞ்ச நேரம் நான் பேசிப் பாக்கறேன்" என்று சின்னவன் முன்வந்தான். விற்பனை வேலை பார்த்தவன். பேச்சு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உட்கார்ந்தான், சட்டையை இழுத்துவிட்டான், ஒரு தடங்கல் இல்லாமல் பேசினான். பெரியவளுக்கே பொறாமையாக இருந்தது.

"ஆனா அளவெடுக்கிறவங்கதான் பேசணும்னு போட்டிருக்காங்களே" என்றாள்.

"ச்சும்மா, உனக்குக் காட்டத்தான். இப்படித்தான் பேசணும்."

கேமராக்காரப் பெண் லேப்டாப்பைத் திறந்தாள். இருவர் பேசியதையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

"இங்க பாருங்க. அக்கா இங்க பாக்கறாங்க. நீங்களும் இதே இடத்தைத்தான் பாக்கறீங்க. ஒரு நூல் கூட வித்தியாசம் இல்ல." அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். குத்திக்காட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. "பதட்டத்துல ஒருத்தர் மேல பாப்பாங்க, ஒருத்தர் கீழ பாப்பாங்க. ரெண்டு பேர் ஒரே பக்கமா ஒதுங்கறத நான் பாத்ததே இல்ல. உங்க வீட்ல யாருமே ஆளை நேராப் பாக்க மாட்டீங்களா?"

தடுப்புக்குப் பின்னால் சுத்தியல் நின்றது.

பெரியவள் திரையையே பார்த்தாள். சத்தமில்லாத அந்தப் படத்தில் தானும் தம்பியும் ஒரே ஜாடையாகத் தெரிந்தார்கள். மூக்கில் அல்ல, நெற்றியில் அல்ல. எதிரே இருப்பவரின் முகத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும் அந்தப் பார்வையில். நாள் முழுவதும் ஒருத்தியின் வலப்பக்கத்தை மட்டும் பார்த்துப் பேசிப் பழகிய கண்களுக்கு, எந்த முகமும் இனிப் பாதி முகம்தான்.

சுத்தியல் மறுபடி தொடங்கியது. முன்பிருந்த சீர் அதில் இல்லை.

அந்த நேரத்தின் கனம் தெரியாமலா, தெரிந்தேவா என்று சொல்ல முடியாது, வேன்காரர் பேச ஆரம்பித்தார். "முதல் முதல்ல எனக்கு உங்கம்மாதான் அளவெடுத்தாங்க. நான் இந்தக் குட்டைக் காலை மட்டும் செருப்ப விட்டு எடுத்து நீட்டினேன். நல்ல காலு உள்ளயே இருந்துச்சு. 'இன்னொண்ணு எங்க?'ன்னாங்க. 'அது நல்லாத்தாம்மா இருக்கு'ன்னேன். 'ரெண்டையும் வைங்க. ஒண்ண மட்டும் பாத்துட்டு எதோட எத நான் சரி பண்றது?'ன்னு ஒரு அதட்டு. நான் நடுங்கிப் போயிட்டேன்." சிரித்தார். "அவங்க இல்லையா?"

"வெளிய போயிருக்காங்க" என்றாள் பெரியவள். நாக்கு பழகிய பதில்.

டக், டக் என்றது தடுப்பின் மறுபுறம்.

வேன்காரர் அந்தச் சத்தத்தை மரியாதையாகக் கேட்டு முடித்தார். "சரிதான். போகும்போது சுத்தியலையும் கையோட எடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மாலை வேன் எடுக்க வேண்டும், தன் காலை வேண்டுமானால் இப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டார்கள். அளவெடுக்கும் பெரியவளின் கை மட்டும் படத்தில் துல்லியமாக, தயக்கமின்றி, அழகாக வந்தது. கைக்கு எந்த விதியும் இல்லை.

*

மதியச் சாப்பாட்டுக்குக் கேமராக்காரப் பெண்ணையும் உள்ளே கூப்பிட்டாள் அம்மா. கூப்பிடாமல் இருந்திருந்தால் தேவலை என்று சின்னவனின் முகம் சொன்னது.

மேசையில் அம்மா வழக்கம்போல் சற்றே திரும்பி அமர்ந்திருந்தாள். இடக்கை கன்னத்தில், யோசிப்பவள் போல. அவளைப் பார்ப்பவர்கள் எதையோ யோசித்துக்கொண்டே சாப்பிடுகிறவள் என்றுதான் நினைப்பார்கள்.

"காலைல இருந்து உன் குரலே வரலயே" என்றாள் மகளிடம். "வெறும் வயித்துல பேசினா கொசு மாதிரித்தான் வரும். நல்லாச் சாப்பிட்டுப் போய்ப் பேசு."

"ம்."

"உன் தம்பி எழுதிக் குடுத்ததைத் தூரப் போடு. நடைக்குக் கதையாம். இங்க வர்றவனுக்குக் கால் வலி. கதையா கேக்க வர்றான்?"

"அம்மா, அது மார்க்கெட்டிங்..."

"அதையும் தூரப் போடு."

கேமராக்காரப் பெண் கை கழுவிவிட்டு வந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். இடப்பக்க நாற்காலியின் ஃபோம் ஷீட்டுகளை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினாள்.

"அங்க வேணாம்!" இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன.

அவள் ஷீட்டுகளை அணைத்தபடி அப்படியே நின்றாள்.

"அங்க ஃபேன் காத்து வராது" என்றாள் பெரியவள்.

"அந்த நாற்காலிக் கால் ஆடும்" என்றான் சின்னவன்.

அந்தப் பெண் மேலே பார்த்தாள். மின்விசிறி அந்த நாற்காலிக்கு நேர் மேலே சுழன்றுகொண்டிருந்தது. நாற்காலியை அசைத்துப் பார்த்தாள். அது தரையோடு வேர்விட்டது போல நின்றது. நாலைந்து பதில்களை யோசித்துவிட்டு அவள் ஒன்றையும் சொல்லாமல் விட்டது அவளுடைய நல்ல மனம்.

"அதுங்க கிடக்குதுங்க" என்றாள் அம்மா. "சாமானை அங்கயே போடும்மா. நீ இப்படி வா. என் பக்கத்துல." வலப்பக்கத்தைக் காட்டினாள்.

பெரியவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

இத்தனை நாளும் அவள் ஒன்றை நம்பியிருந்தாள். இந்த ஏற்பாடு அம்மாவுக்குத் தெரியாமல், அம்மாவின் பொருட்டு, பிள்ளைகள் இருவரும் காத்துவருவது என்று. அம்மாவுக்கு அது எல்லாமே தெரியும். விலகும் நாற்காலி தெரியும், காணாமல் போன கண்ணாடி தெரியும், பாதியில் நிற்கும் பார்வை தெரியும். தெரிந்து, அதற்கேற்ப முகத்தைத் திருப்பி, கையைக் கன்னத்தில் வைத்து, புதிதாக வந்தவளை வேறு பக்கம் அனுப்பி, அம்மாவும் பிள்ளைகளின் பொருட்டு அதே விதியைக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

யாருக்காக யார் மறைக்கிறார்கள்?

சாப்பிட்டு முடித்து அம்மா தண்ணீர் குடித்தாள். வலது கடைவாயால், மெதுவாக. மூன்று பேரும் தங்கள் தட்டுகளைப் பார்த்தார்கள். மூன்றாமவள் விருந்தாளி. வந்து அரை நாள் ஆகவில்லை, அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

*

பின்கட்டில் காலணிகள் ஜோடி ஜோடியாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மற்றதைவிட உயரம். பெரியவள் அவற்றுக்கு நடுவே அங்குமிங்கும் நடந்தாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"இப்படி நடந்தா என்ன ஆகப் போகுது?" என்றான் சின்னவன். "ஒண்ணு பண்ணலாம். கையை மட்டும் காட்டலாம். உன் குரலைப் பின்னாடி சேத்துக்கலாம். கை சூப்பரா வந்திருக்கு."

"முகம் காட்டணும்னு போட்டிருக்கான்."

"மெயில் போட்டுக் கேக்கறேன், ஒரு நாள் டைம் குடுங்கன்னு."

"ஒரு நாள்ல என்னடா மாறும்? நாளைக்கும் இதே கண்ணுதான் இருக்கும் எனக்கு."

அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எனக்கு ஏன் நேரா பாக்க வரலன்னு தெரியுமா உனக்கு?"

"சொல்லாத."

"தெரியுமா தெரியாதா?"

"அக்கா, சொல்லாதன்னேன்ல!" அவன் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "அந்தக் கண்ணாடியக் கழட்டினேன்ல, அன்னிக்கு அம்மா வாசப்படில நின்னு பாத்தாங்க. ஏன்டான்னு கேக்கல. ஒண்ணுமே கேக்கல. எனக்கு என்னமோ நன்றி சொல்ற மாதிரி இருந்துச்சு. அதை நம்பித்தான் நானும் ஓட்டிட்டிருக்கேன். நீ இப்ப வாயத் திறந்தா..."

"திறந்தா?"

"அவங்க முன்ரூமுக்கு வராதது மட்டும்தான் இப்ப. அப்புறம் மேசைக்கும் வர மாட்டாங்க."

இது வெற்றுப் பயம் அல்ல என்பது பெரியவளுக்கும் தெரியும். முதல் மாதங்களில் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த்தான் சாப்பிட்டாள். மேசைக்கு அவளை மீட்டது அந்த ஃபோம் ஷீட்டுகள்தான்.

"கண்ணாடி எங்கடா இருக்கு?"

"மாடில. துணி சுத்தி வெச்சிருக்கேன். உடைக்கல."

"நன்றிதான் சொன்னாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் ஒரு காலணியை எடுத்தான், திருப்பிப் பார்த்தான், அதன் ஜோடியை விட்டுத் தள்ளி வைத்தான். கவனித்துத் திரும்ப ஜோடியோடு சேர்த்தான்.

"தெரியாது" என்றான்.

முன்ரூமிலிருந்து கேமராக்காரப் பெண் கூப்பிட்டாள். வெளிச்சம் குறைகிறது, இன்னும் ஒரு முறைதான் முயன்று பார்க்க முடியும். வெட்டி ஒட்டி அனுப்பவும் நேரம் வேண்டும். இருவரும் போனார்கள்; பெரியவள் மறுபடி கேமரா முன் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு யோசனை. சிலருக்கு லென்ஸ்கிட்ட பேச வராது. கண்ணாடித்துண்டுதான அது. அதனால லென்ஸுக்கு ஒட்டி ஒரு ஆளை உக்கார வெச்சுடுவேன். அவங்களப் பாத்துப் பேசினாப் போதும். முகம் நேரா வந்துடும்." பைகளை நகர்த்தி ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் செய்தாள். "இந்த வேலையைப் பத்தி நீங்க நிஜமாவே யார்கிட்ட பேசுவீங்க? அவங்களக் கூட்டிட்டு வாங்க."

சின்னவன் அக்காவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தடுப்பின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உக்காரறேன்" என்றான் அவசரமாக. "என்னைப் பாத்துப் பேசு."

"உன்கிட்ட நான் எப்படா சோல் பத்திப் பேசியிருக்கேன்?"

அவள் எழுந்தாள். காலரிலேயே மைக் இருந்தது. கழற்றத் தோன்றவில்லை.

*

அம்மா சாப்பாட்டு மேசையையே வேலை மேசையாக்கியிருந்தாள். செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஒரு சோல். பசை தடவிக்கொண்டிருந்தாள். அந்தப் பசைக்கு ஒரு குணம் உண்டு. தொடங்கினால் ஓரம்வரை போய்த்தான் நிற்க வேண்டும். நடுவில் விட்டால் தடவிய இடம் காய்ந்து, தடவாத இடத்தோடு சேராது. பின்னொரு நாள் சோல் வாயைப் பிளக்கும். தொலைபேசி அடித்தாலும், கதவு தட்டப்பட்டாலும், தடவத் தொடங்கிய பிரஷை அம்மா கீழே வைத்ததை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் நிமிராமல்.

"இல்ல."

"என்னடி இவ்வளவு நேரம்?"

பெரியவள் மேசையைச் சுற்றி நடந்தாள். வலப்பக்க நாற்காலியைக் கடந்தாள். எதிர்ப்பக்கத்தைக் கடந்தாள். அவளுடைய கால்கள் தயங்கிய இடத்தில் அவற்றை அவள் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. இடப்பக்க நாற்காலிக்கு வந்தாள். ஃபோம் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக அல்ல, மொத்தமாகத் தூக்கித் தரையில் போட்டாள்.

"அக்கா" என்றான் கதவருகே வந்து நின்ற சின்னவன். கெஞ்சலாக.

அவள் உட்கார்ந்தாள்.

அம்மாவின் தலை தன்னிச்சையாக வலப்பக்கம் ஒதுங்கியது. இடக்கை கன்னத்துக்குப் போகப் பார்த்தது; ஆனால் அது சோலை அழுத்திப் பிடித்திருந்தது. வலக்கை பசையில் இருந்தது. மறைத்துக்கொள்ளக் கை இல்லை.

"அங்க எதுக்குடி உக்கார்ற?"

"ரெண்டு பக்கமும் பாக்கணும்மா. ஒண்ண மட்டும் பாத்துட்டு எனக்குப் பேச வரல."

பார்த்தாள். இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக, நேராக, அவசரமில்லாமல், ஒரு பாதத்தைப் பார்க்கிற பொறுமையோடு பார்த்தாள். புருவம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நெற்றியில் அந்தப் பக்கம் மட்டும் கோடுகள் இல்லை, இளமையாக இருந்தது. உதட்டோரம் தளர்ந்திருந்தது. காதோரம் முடி நரைத்திருந்தது, வலப்பக்கத்தைவிட அதிகமாக. காதுக்குக் கீழே ஒரு மச்சம். சின்ன வயதில் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி அவள் விரலால் நோண்டிய மச்சம். அது அங்கே இருப்பதையே மறந்துபோயிருந்தாள்.

முழுதாக மூடாத அந்தக் கண்ணிலிருந்து ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கித் தாடைவரை வந்திருந்தது. தினமும் வருவதுதான். எல்லோரும் தட்டைப் பார்க்கும் நேரத்தில் அம்மா தோளில் துடைத்துக்கொள்வதுதான்.

"அம்மா" என்றாள். தம்பிக்குக் கேட்கும்படி, தடுப்புக்கு அப்பால் காதில் ஹெட்ஃபோனோடு நிற்பவளுக்கும் கேட்கும்படி, வீட்டுக்கே கேட்கும்படி. "இந்தக் கண்ணுல தண்ணி வழியுது. தினமும் வழியுது. நான் தினமும் பாக்கறேன், பாக்காத மாதிரி இருக்கேன்."

சின்னவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

அவள் தன் கைக்குட்டையை எடுத்து, அம்மாவின் தாடையிலிருந்து கண்வரை, கீழிருந்து மேலாகத் துடைத்தாள். அம்மாவின் தலை இன்னும் கொஞ்சம் ஒதுங்கியது, பிறகு நின்றது.

"முன்ரூமுக்கு வா. கேமராவுக்குப் பக்கத்துல உக்காரு. நான் உன் முகத்தைப் பாத்துத்தான் பேசுவேன். முழுசா."

மேசைமேல் பாதி தடவிய சோல் இருந்தது. தடவிய பாதி ஏற்கனவே மங்கத் தொடங்கியிருந்தது.

அம்மா பிரஷை டப்பாவின் விளிம்பில் வைத்தாள்.